ஒரு கை அகலம்

நான் குடியிருக்கும் இந்த ஒஹாயோ ஊரில் எல்லா வீட்டு ஜன்னல்களுக்கும் வெளிப்பக்கம் இரண்டிரண்டு கதவுகள் உண்டு. ஷட்டர் என்கிறார்கள். பச்சை, கறுப்பு, கருநீலம் என்று வீட்டுக்கு ஒரு நிறம். தெருவில் நடந்து போகிறவர்களுக்கு, எல்லா வீடும் ஜன்னல் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு காற்று வாங்குவதாகத் தோன்றும். வந்த முதல் வருடம் முழுக்க நானும் அப்படித்தான் நினைத்தேன். பனி கொட்டியபோது யாரும் மூடவில்லை. சூறாவளி எச்சரிக்கை வந்து ஊரே நிலவறைக்குள் இறங்கியபோதும் யாரும் மூடவில்லை. பெரிய நெஞ்சுரக்காரர்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். பிறகு நாங்களே ஒரு செங்கல் வீடு வாங்கி, பக்கத்தில் போய் இழுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கீல் இல்லை, கொண்டி இல்லை. பிளாஸ்டிக் பலகையைச் சுவரோடு சேர்த்து அறைந்து வைத்திருக்கிறார்கள். கதவு மாதிரி ஒன்று. மூடவே மூடாது.

இதற்கெல்லாமா ஒருத்திக்குக் கோபம் வரும் என்று கேட்பீர்கள். வருகிறது. அதைச் சொல்லிவிட்டே எழுதுகிறேன்.

இந்த வருடம் குளிர் முடிந்து அடித்த காற்றில் எங்கள் வீட்டு முன்பக்க ஷட்டர்கள் ஆட்டம் கண்டன. நான்கு ஜன்னல், எட்டுப் பலகை. அவற்றில் ஐந்து, காற்று வரும்போதெல்லாம் செங்கல்லில் தட்டிக்கொண்டிருந்தன. தட்டினால் தட்டட்டும், மூடாத கதவு இருந்தென்ன போயென்ன என்று விட்டிருந்தேன். ஒரு நாள் கடிதம் வந்தது. இங்கே ஒவ்வொரு குடியிருப்புக்கும் வீட்டுக்காரர்கள் சேர்ந்த ஓர் அசோசியேஷன் உண்டு. புல் எத்தனை விரல் உயரம் வளரலாம், குப்பைத்தொட்டி எத்தனை மணிக்கு வெளியே வரலாம் என்று அவர்கள்தான் சொல்வார்கள். உங்கள் ஷட்டர்கள் தளர்ந்து தொங்குகின்றன, தெருவின் தோற்றம் கெடுகிறது, முப்பது நாளுக்குள் சரிசெய்யவும் என்று எழுதியிருந்தார்கள். அன்புடன் என்று முடித்திருந்தார்கள். அந்த அன்புடன்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் கணவர் யாராவது ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். நான் கொத்தனார் மகள். செங்கல்லில் நான்கு திருகாணி ஏற்ற ஆள் கூப்பிட்டால் என் அப்பாவின் படம் சுவரை விட்டு இறங்கிப் போய்விடும். அடுத்த வீட்டு கேரியிடம் போய் ஏணியும் டிரில்லும் கேட்டேன். ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர், அசோசியேஷன் கமிட்டியிலும் இருக்கிறார். ஏணியைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். மூடாது என்று தெரிந்தும், இதை எத்தனை பலமான காற்றுக்கு மூடுவீர்கள் என்று வேண்டுமென்றே அவரிடம் கேட்டேன். அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. உச்சரிப்புத் தகராறு என்று நினைத்து, கையால் மூடிக் காட்டி மறுபடி கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "மூடுவதா? இது மூடுவதற்கு இல்லை. பார்ப்பதற்கு" என்றார். பார்ப்பதற்காக மட்டும் ஒரு கதவை எதற்கு மாட்ட வேண்டும் என்று கேட்டேன். "எல்லோரும் மாட்டியிருக்கிறார்களே" என்றார். கோபமே இல்லாமல், மழை ஏன் பெய்கிறது என்று கேட்ட பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

துளை போட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. இந்தச் செங்கல்லும் ஒற்றை வரிசைதான். உள்ளே சுவர் முழுக்க மரச்சட்டமும் அட்டையும். வீட்டைத் தாங்குவது மரம், செங்கல் வெளியே சட்டை. மூடாத கதவை, தாங்காத செங்கல்லில், கட்டாயம் மாட்ட வேண்டும் என்று எனக்குக் கடிதம்.

எனக்குத் தெரிந்த செங்கல் வீடு வேறு. திருச்சுழியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர் எங்களுடையது. எங்கள் தெரு கீழத்தெரு. என் தாத்தா காலம் வரை மேலத்தெருக்காரர்களின் நிலத்தில் கூலி வேலை. அப்பாதான் முதன்முதலாக மண்வெட்டியை விட்டுக் கரண்டியைப் பிடித்தவர். தினமும் முதல் பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய், பாளையம்பட்டி வரைக்கும் வீடு வீடாகச் சுவர் எழுப்பினார். அம்மா அவருக்குச் சித்தாளாகக் கல் சுமந்தாள். இரண்டு பேரும் ஊரார் வீட்டையெல்லாம் கட்டி முடித்த பிறகு எங்கள் வீட்டைக் கட்டினார்கள். கீழத்தெருவின் முதல் செங்கல் வீடு. முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்பதால், பின்னறைக்கு மேற்கே மட்டும்தான் ஜன்னல் வைக்க முடியும். எங்கள் பக்கத்துக்குக் காற்று வருவதும் அந்தத் திசையில்தான். அப்பா அங்கே நல்ல வேப்பம்பலகையில் இரட்டைக் கதவு போட்டு ஒரு ஜன்னல் வைத்தார். அந்தப் பக்கம் மேலத்தெருக்காரர்கள் கோயிலுக்குப் போகிற பாதை.

பூச்சு காய்வதற்கு முன்பே மேலத்தெருவிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். நான் பின்னறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் ஒரு வார்த்தை விடாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"என்னப்பா மாடசாமி, சன்னலு எங்குட்டுப் பாக்குது?" என்றார் வந்தவர்களில் ஒருவர். அவருக்கு அப்பாவைவிடப் பத்து வயது குறைவு.

"காத்து வார பக்கம் வச்சேங்கய்யா."

"காத்து வார பக்கமா, எங்க வீட்டுப் பொம்பளைக வார பக்கமா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "மூடியே வச்சுக்கிறேங்கய்யா" என்றார்.

"மூடுனது தொறக்கும். ஆணிய அடிச்சுரு."

அவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, என் அப்பா தான் வைத்த ஜன்னலைத் தானே வெளியே போய்ச் சாத்தி, நான்கு ஆணி அடித்தார். ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு. உள்ளே என் நோட்டின் மேல் இருந்த வெளிச்சம் போய்விட்டது. அடுத்த வாரமே அதே மனிதரின் மாடி வீட்டுக்கு ஆறு ஜன்னல் வைக்க அப்பாதான் போனார். அந்த ஆறும் எங்கள் தெருவைப் பார்த்தவை. நம் வீட்டுப் பெண்களும் இந்தத் தெருவில்தானே நடக்கிறார்கள் என்று அவரிடம் கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை. அதற்காக நான் அப்பாவிடம் ரொம்ப வருடம் கோபமாக இருந்தேன். அவர் செத்துப் போன பிறகும் கொஞ்ச காலம்.

முப்பது வருடம் ஆகிவிட்டது. அந்த நான்கு பேரில் மூன்று பேர் இல்லை. ஜன்னலைத் திறக்காதே என்று இப்போது யாரும் சொல்வதில்லை. திறந்துகொள் என்றும் யாரும் சொல்லவில்லை. நான்கு ஆணியும் அப்படியே இருக்கின்றன. வீட்டில் இப்போது என் தம்பி செல்வம், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. முன்னறையில் அவர்கள் நான்கு பேர், பின்னறையில் அம்மா. செல்வம் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். செங்கல்லும் சிமெண்டும் சுமந்த அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, இந்தச் சித்திரையில் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஏசி மாட்டித் தருகிறேன் என்றேன். குளிர்க் காற்று பட்டால் அவளுக்கு இன்னும் அடைக்கிறது. அருப்புக்கோட்டை டாக்டர், அறையில் வெளிக்காற்று நடமாட வேண்டும், இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடையாய் நடக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

அசோசியேஷன் கடிதம் வந்த அதே வாரம்தான் செல்வம் இதைப் போனில் சொன்னான். ஒன்றும் யோசிக்காமல், "ஏலே, சன்னலத் தொறந்து விடு" என்றேன்.

"எந்தச் சன்னல?"

"வீட்டுல எத்தன சன்னல் இருக்கு?"

"நீ பாட்டுக்கு அங்குட்டு இருந்துக்கிட்டுச் சொல்லுவக்கா" என்றான். "போன வருசம் நம்ம கோயில் கொடைக்கு ரேடியோ செட்டு சத்தம் சாஸ்தின்னாங்க. அம்புட்டுத்தான். ரெண்டு மாசம் மேலத்தெருவுல இருந்து ஒரு லோடு வரல. சன்னலத் தொறந்தா என்ன செய்வாகன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அப்பா மாதிரியே நீயும் முதுகெலும்பு இல்லாதவன் என்றேன். அம்மா செத்தால் அந்த ஜன்னல் வழியாகவே தூக்கிப் போ என்றும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவன் போனை வைத்துவிட்டான்.

அந்தக் கோபத்தோடுதான் மறுநாள் கடைக்குப் போனேன். ஷட்டர் மாட்டுவதற்கென்று விற்கிற பிளாஸ்டிக் முளைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அதை எடுக்கவில்லை. இரும்புக் கீல் பதினாறு எடுத்தேன். ஜன்னல் கதவென்றால் திறந்து மூட வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏணி மேலேயே நின்று, செங்கல்லில் துளை போட்டு, அப்பா செய்வது போல மர ஆப்பு இறக்கி, அதில் திருகாணி ஏற்றி, ரசமட்டம் வைத்துப் பார்த்து எட்டுப் பலகையையும் கீலில் மாட்டினேன். கடைசியாக ஒன்றை மூடிப் பார்த்தேன். மூடியது. ஆனால் இரண்டு பலகையும் நடுவில் சேரவில்லை. ஒரு கை அகலம் இடைவெளி. பார்ப்பதற்காக மட்டும் செய்த பலகை என்பதால் ஜன்னல் அளவுக்கே வெட்டவில்லை. இருந்தாலும் எனக்கு ஒரே சந்தோஷம். இந்த ஊரிலேயே அசைகிற ஜன்னல் கதவு எங்கள் வீட்டில்தான் இருந்தது. மூடுவதும் திறப்பதுமாக ஒரு வாரம் வைத்திருந்தேன்.

ஒரு வாரம்தான். இரண்டாவது கடிதம் வந்தது. ஷட்டர்கள் நிலையாகப் பொருத்தப்பட வேண்டும், அசையக் கூடாது, மூடிய நிலையில் காணப்படுவது விதிக்குப் புறம்பானது. அன்புடன். கேரியிடம் ஓடினேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். உன் வேலைத்திறமை பிரமாதம் என்றார். தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை, விதி என்று இருந்தால் எல்லோருக்கும் ஒன்றுதானே என்றார். எங்கள் ஊரிலும் இப்படித்தான் பேசுவார்கள் கேரி, எங்களுக்கொன்றும் இல்லை, ஊர் வழக்கம் என்பார்கள் என்று சொன்னேன். "பார்த்தாயா, எல்லா இடத்திலும் மனிதர்கள் ஒன்றுதான்" என்று மகிழ்ந்து போய் என் தோளில் தட்டினார்.

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். ஒரு பதில் கடிதம் எழுதியிருக்கலாம், கமிட்டிக் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்றிருக்கலாம். அடுத்த சனிக்கிழமை காலை என்ன செய்தேன் தெரியுமா? ஏணியைச் சாத்தி ஏறி, கீல்களைக் கழற்றிவிட்டு, பலகைகளைத் திறந்த நிலையில் வைத்து, அசையாமல் திருகாணி அடித்துக்கொண்டிருந்தேன். மூன்று ஜன்னல் முடிந்து, நான்காவதாகக் கிழக்கே பார்த்த சமையலறை ஜன்னலுக்கு வந்தபோது போன் அடித்தது. வீடியோவில் செல்வம். இரண்டு வாரமாகப் பேசாதவன். போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தேன்.

"என்னக்கா ஏணி மேல நிக்கிற?"

சொன்னேன். கடிதம் வந்ததையும், கீல் மாட்டியதையும், மறுபடி கடிதம் வந்ததையும், கழற்றுவதையும். அவன் முழுக்கக் கேட்டான்.

"அப்ப நீயும் ஆணி அடிச்சுட்ட" என்றான்.

"இது வேறடா."

"வேறதான். உனக்கு லெட்டரு வருது. எனக்கு ஆளு வரும்."

அவன் குத்திக் காட்டுவதற்காகச் சொன்னது போலவும் இல்லை. உள்ளதைச் சொன்னான். ஆறு வரிக் கடிதத்துக்குப் பயந்து மூன்று ஜன்னலை அறைந்துவிட்ட நான், எட்டாயிரம் மைல் தூரத்தில் நின்றுகொண்டு அவனுக்கு முதுகெலும்பு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவையும் சொல்லியிருக்கிறேன். கோபம் எனக்கு ரொம்ப வசதியான இடத்தில் இருந்து வந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள்.

மூச்சு வாங்கிக்கொண்டே, "ஏத்தா, என்னமோ மூடுற சன்னல் மாட்டிருக்கேன்னியே, அத மூடிக் காட்டு" என்றாள்.

"கழட்டப் போறேன்ம்மா."

"கழட்டுறதுக்கு முந்திக் காட்டு. ஒங்கப்பா மாதிரி ஆப்பு எறக்குனியா, சும்மா அடிச்சியான்னு பாக்கணும்."

உள்ளே போய், போனைக் கையில் பிடித்தபடி ஜன்னல் கண்ணாடியைத் தூக்கி, கையை வெளியே நீட்டி இரண்டு பலகையையும் இழுத்து மூடினேன். சமையலறை இருட்டியது. நடுவில் அந்த இடைவெளி வழியாக மட்டும் வெயில் விழுந்தது.

"பாத்தியாம்மா, அளவு கூடச் சரியில்ல. ஒரு கை அகலம் சேரவே மாட்டேங்குது" என்றேன்.

அம்மா வெகு நேரம் பார்த்தாள். இருமினாள். பிறகு, "அம்புட்டு இருந்தாலே எனக்குப் போதும் தாயி" என்றாள்.

அவள் ஒன்றும் வருத்தமாகச் சொல்லவில்லை. நாளைக்குக் கொஞ்சம் கருவேப்பிலை வாங்கி வா என்பது போலத்தான் சொன்னாள். செல்வம் அவளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கு அதோடு போனை வைத்துவிட்டோம். நான்காவது ஜன்னலின் கீலை நான் கழற்றவில்லை.

பத்து நாள் கழித்து செல்வம் ஒரு படம் அனுப்பினான். எங்கள் பின்னறை ஜன்னல், வெளியிலிருந்து எடுத்தது. நான்கு ஆணியும் துருவேறி அடித்த இடத்திலேயே இருக்கின்றன. கதவு இரண்டும் சாத்தியபடியே இருக்கின்றன. ஆனால் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு கை அகலத்துக்குப் பலகை இல்லை. புது அறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது. கூடவே ஒரு குரல் செய்தி. "யாராச்சும் கேட்டா, சன்னலத் தொறக்கலய்யா, ஆணியத் தொடக்கூட இல்லன்னு சொல்லிக்கிறேன். ஓரத்துல செல்லரிச்சுப் போச்சு, அறுத்துட்டேன். அம்மா நேத்து நல்லாத் தூங்குச்சு."

நான் சந்தோஷப்பட வேண்டும். அம்மா தூங்கியதற்குப் பட்டேன். மற்றதற்கு வரவில்லை. எங்கள் காசில் எங்கள் கையால் கட்டிய வீட்டில், என் அம்மா மூச்சு விடுவதற்குக் கறையானைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது. வேப்பம்பலகையைச் செல்லரிக்காது என்பது மேலத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வீட்டு ஜன்னல்களும் அதே பலகைதான், வைத்ததும் அதே அப்பாதான். தெரிந்தே எத்தனை நாள் சும்மா இருப்பார்கள் என்று தெரியவில்லை. தினமும் எழுந்ததும் முதலில் போனைத்தான் பார்க்கிறேன்.

படத்தை மறுபடி மறுபடி பார்த்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. இந்தக் கோணத்தில் படம் எடுக்க வேண்டுமென்றால் அந்தப் பாதையின் நடுவில் நிற்க வேண்டும். அந்தப் பலகையை அறுக்கவும் அங்கேதான் நின்றிருக்க வேண்டும், நல்ல வெயிலில், கையில் மரம் அறுக்கிற வாளோடு. முதுகெலும்பு இல்லாதவன் என்று நான் சொன்ன என் தம்பி. இடைவெளியில் அம்மாவின் பாதி முகம் தெரிகிறது. ஒரு கண், ஒரு பக்க மூக்குத்தி, கம்பியைப் பிடித்த நான்கு விரல். அந்த ஒரு கண்ணால் முப்பது வருடத்துக்குப் பிறகு பாதையைப் பார்க்கிறாள்.

எனக்கு மூன்றாவது கடிதம் வந்துவிட்டது. இந்த முறை பதில் எழுதி அனுப்பினேன். கழற்ற மாட்டேன், வேண்டுமானால் ஆள் அனுப்புங்கள் என்று எழுதினேன். ஆள் வராது என்று தெரிந்துதான் அவ்வளவு தைரியம். இன்று காலை எட்டு மணிக்கு அந்த ஜன்னலை மூடிவிட்டு அடுப்படியில் நின்றேன். இங்கே கிழக்கே சூரியன் ஏறுகிற நேரம் அங்கே மேற்கே இறங்குகிற நேரம். ஒரே சூரியன்தான், ஒரே நேரத்தில் என் சமையலறைத் தரையிலும் அம்மாவின் கட்டிலிலும் ஒரு கை அகலத்துக்கு விழுந்துகொண்டிருக்கும். குனிந்து அந்த வெயிலில் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். முழுக்க மறைந்துவிட்டது. ஒரு கையால் மறைத்துவிடக்கூடிய வெயில்தான் அது. அங்கே அந்தக் கையை வைப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். என் கையை எடுத்துக்கொண்டேன்.